அலை உயரம்: ராமேஸ்வரம் கரைக்கு இணையம் வந்த கதை

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது ராமேஸ்வரம் ஸ்டேஷனில் ரயில் நிற்பதை நிறுத்திவிட்டார்கள். பேப்பர் கட்டுகளை ஓடும் ரயிலிலிருந்தே, ராமேஸ்வரம் ரோட்டுக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில் வெளியே எறிவார்கள். அதைப் பிடிக்க நின்ற பையன் பின்னாளில் குடியரசுத் தலைவரானார். பேப்பர் ஏஜென்சி வைத்திருந்த ஒன்றுவிட்ட சகோதரர் சம்சுதீனுக்காகக் கலாம் செய்த வேலை அது. தன் முதல் சம்பளமும் அதுதான் என்று 'அக்கினிச் சிறகுகள்' நூலில் சொல்கிறார்.

இந்தச் சம்பவத்தைப் பள்ளி விழா மேடைகளில் 'உழைத்தால் உயரலாம்' கதையாகச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள். எனக்கு அதில் சுவாரஸ்யமாகப் படுவது அந்தக் கட்டுதான். தீவுக்குச் செய்தி வந்து சேர்ந்த விதம் அப்படி இருந்தது. ரயில் நிற்காது, செய்தி விழும், யாராவது ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும்.

யோசித்தால் இந்தக் கரையின் தகவல் வரலாறே அப்படித்தான் இருக்கிறது. இந்தியாவையும் இலங்கையையும் இணைத்த தந்தி 1850களின் கடைசியில் இந்தக் கடல்வழியாகத்தான் போனது. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகும் தபால் தனுஷ்கோடியில் ரயிலிலிருந்து இறங்கி, கப்பல் ஏறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் ஏறியது. போட் மெயில் என்ற பெயரே அதனால் வந்தது. சென்னை வியாபாரியின் விலைப்பட்டியல், கண்டி தோட்டத்துத் தொழிலாளிக்கு ஊரிலிருந்து வந்த கடிதம், கொழும்பு அரசாங்கத்தின் தந்தி எல்லாம் இந்த மணல் திட்டைத் தாண்டிப் போயின. திட்டில் வலை காயவைத்துக்கொண்டிருந்தவருக்கு அவற்றால் ஒன்றும் ஆகவில்லை. செய்தி அவருடைய ஊர் வழியாகப் போனது. அவருக்கு வரவில்லை.

இதற்குக் கொடுத்த விலை 1964 டிசம்பர் 22 இரவில் தெரிந்தது. புயல் தனுஷ்கோடியைத் தாக்கியது. பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயில் ஊருக்குச் சற்று முன்னால் அலையில் போனது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அதிலேயே இறந்தார்கள். ரயில் நிலையம், தபால் ஆபீஸ், சுங்கச் சாவடி, தேவாலயம் எல்லாம் ஒரே இரவில் முடிந்தன. தந்திக் கம்பிகள் அறுந்ததால் ஊர் போய்விட்டது என்ற சேதியே வெளியே தெரியத் தாமதமானது. ஆனால் உலகின் முதல் வானிலை செயற்கைக்கோளான டைரோஸ் 1960லேயே மேலே போய்விட்டது. மேகத்தை மேலிருந்து பார்க்கும் கண் மனிதனுக்கு வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அந்தக் கண் பார்ப்பதைத் தனுஷ்கோடியில் ஒரு வீட்டு வாசலில் போய்ச் சொல்வதற்குத்தான் வழியில்லை. இந்தக் கட்டுரை அந்த வழியைப் பற்றியது.

1989இல் ஜெனீவா பக்கத்து செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ வலைக்கான திட்டத்தை எழுதியபோது அவர் முன்னால் இருந்த சிக்கலும் ஒருவகையில் இதுதான். தகவல் இருக்கிறது, ஆனால் அது ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாகச் சிக்கிக் கிடக்கிறது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தை வி.எஸ்.என்.எல். திறந்துவிட்டது 1995 ஆகஸ்ட் 15 அன்று. மாணவர்களுக்கான மலிவுக் கணக்கில் எழுத்து மட்டும்தான் வரும், படம் வராது. அதே வருஷம் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றினார். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. எந்தக் குறியாக்கம், எந்த விசைப்பலகை என்று பெரிய சண்டை. இப்போது இதை வாசிக்கும் பலருக்கு அந்தச் சண்டையின் சூடு தெரியாது. ஒரு தளத்தைத் திறந்தால் கேள்விக்குறியும் கட்டமும்தான் தெரியும். அதன் எழுத்துருவை இறக்கிப் போட்டால் தமிழ் வரும். அடுத்த தளத்துக்குப் போனால் அது வேறு எழுத்துரு கேட்கும். தமிழுக்கு ஒருங்குறியில் 1991லேயே இடம் கிடைத்துவிட்டது என்றாலும் தமிழ்நாடு அரசு அதை அதிகாரபூர்வமாக ஏற்க 2010 செம்மொழி மாநாடு வரை ஆனது.

நாமெல்லாம் எழுத்துருவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், புதுச்சேரி கடற்கரையில் வேறொரு வகைத் தமிழ் இணையம் நடந்துகொண்டிருந்தது. அதில் எழுத்துருவே தேவைப்படவில்லை.

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரியைச் சுற்றியுள்ள கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. கனடாவின் ஐ.டி.ஆர்.சி. நிதி கொடுத்தது. வில்லியனூர் நடு மையம். அங்கிருந்து மற்ற ஊர்களுக்குத் தொலைபேசிக் கம்பியை நம்ப முடியாததால் வி.எச்.எஃப். ரேடியோவோடு மோடத்தைப் பிணைத்தார்கள். கரண்ட் போனால் சூரியத் தகடு. கணினியைப் பார்த்துக்கொண்டவர்களில் பலர் அந்தந்த ஊர்ப் பெண்கள். சாதி பார்க்காமல் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்று ஊர் ஒப்புக்கொண்டால்தான் மையம் என்பது நிபந்தனை.

வீராம்பட்டினம் மீனவ ஊர். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் பதில் நேராக வந்தது: நாளைக்குக் கடல் எப்படி இருக்கும்? அந்த நேரத்தில் வங்கக் கடலின் அலை உயரத்தை முன்கூட்டிச் சொல்லி இலவசமாக வலையில் போட்டுவைத்திருந்தது அமெரிக்கக் கடற்படை. தன் கப்பல்களுக்காகப் போட்ட வரைபடம்தான். வில்லியனூரில் அதை இறக்கி, தமிழில் மாற்றி, வீராம்பட்டினத்துக்கு அனுப்புவார்கள். அங்கே ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். கோயில் திருவிழாவுக்குக் கட்டுவோமே, அதே குழாய் ஸ்பீக்கர். அலை உயரம் இவ்வளவு, காற்று இந்தத் திசையில்.

இன்றைய பாஷையில் சொன்னால் இது முழுமையான வலைச் செயலி. எங்கோ ஒரு சர்வர், அதிலிருந்து தரவு, நடுவில் அதை உள்ளூருக்கு ஏற்றபடி மாற்றும் அடுக்கு, கடைசியில் பயனர் முகப்பு. முகப்பு மட்டும் திரையாக இல்லாமல் காற்றாக இருந்தது. எழுதப் படிக்கத் தெரிய வேண்டாம், கருவி வாங்க வேண்டாம், டவுன்லோட் வேண்டாம். வலையைத் தைத்துக்கொண்டே கேட்கலாம். ஒரு வீட்டுக்குக் கேட்பது பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். தமிழ்க் கணிமையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் குறியாக்கங்களுக்குக் கொடுக்கும் பக்கங்களில் ஒரு பக்கத்தையாவது இந்த ஸ்பீக்கருக்குக் கொடுக்கலாம்.

ராமநாதபுரம் கரைக்கு இது வந்தது 2004இல். அந்த வருஷம் அக்டோபர் 18 அன்று இஸ்ரோவும் சுவாமிநாதன் நிறுவனமும் சேர்ந்து கிராம வள மையங்களைத் தொடங்கின. பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கிவைத்தார். முதலில் மூன்று ஊர்கள்: தஞ்சாவூர் மாவட்டத்தில் திருவையாறு, திண்டுக்கல் பக்கம் செம்பட்டி, பாம்பன் தீவில் தங்கச்சிமடம். சென்னையோடு செயற்கைக்கோள் இணைப்பு, வீடியோவில் நேருக்கு நேர் பேச்சு. பேப்பர் கட்டைப் பிடித்த பையன் அப்போது ராஷ்டிரபதி பவனில் இருந்தார். அவர் இருபது வருஷம் வேலை பார்த்த இஸ்ரோவின் ஆண்டெனா, அவர் பிறந்த தீவில், ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து ஊரில் நின்றது. யாரும் திட்டமிட்டுச் செய்த ஒற்றுமையா என்று எனக்குத் தெரியாது. கதை எழுதுகிறவர் வைத்திருந்தால் செயற்கையாக இருக்கிறது என்று வெட்டியிருப்பார்கள்.

மையம் திறந்து பத்து வாரம்கூட ஆகவில்லை, சுனாமி வந்தது. ராமநாதபுரம் கரைக்கு இலங்கை குறுக்கே நின்றதால் நாகப்பட்டினத்துக்கு நேர்ந்தது இங்கே நேரவில்லை. புதுச்சேரிப் பக்கம் நல்லவாடு என்ற ஊரில்தான் அந்தப் பழைய ஸ்பீக்கர் தன் வேலையைக் காட்டியது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் டி.வி.யில் சுமத்ராவைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். தகவல் மையத்து ஒலிபெருக்கியில் ஊரைக் காலிசெய்யச் சொன்னார்கள். வீடுகளும் படகுகளும் போயின, ஊர்ச் சனம் பிழைத்தது. நன்றாகக் கவனித்தால், அன்று இணையம் எதுவும் செய்யவில்லை. ஒரு டி.வி., ஒரு போன், ஒரு மைக். ஆனால் மைக்கை எடுத்து ஊருக்குச் சொல்லலாம், சொன்னால் ஊர் நம்பும் என்ற பழக்கத்தை ஆறு வருஷ அலை உயர அறிவிப்புகள்தான் உண்டாக்கியிருந்தன என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு வலை வேறு பக்கம் திரும்பியது. 2004இல் ஜிமெயில், 2005இல் கூகுள் மேப்ஸ். பக்கம் என்பது போய், பயன்பாடு என்பது வந்தது. அதுவரை வாசிக்கக் கிடைத்தது இனிமேல் இயக்கக் கிடைத்தது. 2007இல் ஐபோன், மறுவருஷம் ஆண்ட்ராய்டு போன். ஐதராபாத்தில் 1999இல் தொடங்கப்பட்ட இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் வளர்ந்து, அமெரிக்கக் கடற்படையின் வரைபடத்தை நம்பியிருக்க வேண்டிய நிலை போனது. அலை, காற்று, நீரோட்டம் எல்லாவற்றையும் நாமே கணித்தோம். செயற்கைக்கோள் காட்டும் கடல் மேற்பரப்பு வெப்பத்தையும் பச்சையத்தையும் வைத்து மீன் எங்கே கூடியிருக்கும் என்றும் சொன்னார்கள்.

இந்தத் தரவை மீனவர் கைக்குக் கொண்டுபோக 2007இல் சுவாமிநாதன் நிறுவனம், குவால்காம், டாடா டெலிசர்வீசஸ் எல்லாம் சேர்ந்து 'ஃபிஷர் ஃபிரண்ட்' என்ற செயலியைக் கொண்டுவந்தார்கள். முதலில் சாதாரண சி.டி.எம்.ஏ. போனில். கைபேசியில் தமிழ் எழுத்தே ஒழுங்காகத் தெரியாத காலம் அது. பிறகு அது ஆண்ட்ராய்டுக்கு மாறியது. அலை உயரம், காற்று, மீன் கூடும் இடம், சந்தை விலை, ஆபத்தில் உதவி கேட்க ஒரு பொத்தான். அதோடு இந்தக் கரைக்கென்றே சொல்லத்தக்க ஒரு வசதி: படகு இலங்கை எல்லையை நெருங்கினால் எச்சரிக்கை.

இந்த எல்லை எச்சரிக்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும்.

1974 ஒப்பந்தம் பாக் நீரிணையில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே ஒரு கோட்டைப் போட்டது. ஒப்பந்தத்தில் கோடு என்பது ஆறு புள்ளிகள்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்சரேகை, ஒரு தீர்க்கரேகை. முதல் புள்ளி வடக்கு 10 பாகை 5 கலை, கிழக்கு 80 பாகை 3 கலை. ஆறாவது புள்ளி ஆதாம் பாலத்துப் பக்கம். இவற்றைச் சேர்த்தால் கச்சத்தீவு அந்தப் பக்கம் போய்விடுகிறது. 1976 ஒப்பந்தம் கோட்டை மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் நீட்டியது. அரசியலில் ஐம்பது வருஷமாக எரிந்துகொண்டிருக்கும் விஷயம், புரோகிராமருக்கு ஆறு ஜோடி எண். படகின் இடத்தை ஜி.பி.எஸ். சொல்லும்; கோட்டுக்கு எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட வேண்டும்; குறைந்தால் சத்தம் போட வேண்டும். கல்லூரி மாணவர் ஒரு சாயங்காலத்தில் எழுதிவிடுவார். இணையம்கூட வேண்டாம், கோடு போனிலேயே இருக்கும், செயற்கைக்கோள் சிக்னலுக்கு டவர் தேவையில்லை. கடலுக்குள் போகப்போக நம்ம டவர் விட்டுப்போகும்; தனுஷ்கோடி முனையிலேயே சில சமயம் இலங்கை டவர் வந்து வரவேற்புச் செய்தி அனுப்பும். ஆகவே இணைப்பு இல்லாமலும் வேலை செய்யும் செயலிதான் இங்கே செயலி. எப்போதும் நெட் இருக்கும் என்ற நினைப்பில் நகரத்தில் கட்டப்படுபவை பாம்பன் பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் வரும்.

சரி, எச்சரிக்கை வந்தாகிவிட்டது. கைது நின்றதா?

நிற்கவில்லை. வாரம் தவறாமல் பேப்பரில் செய்தி வருகிறது. சில அறிக்கைகளில் இன்னமும் 'எல்லை தெரியாமல் சென்ற மீனவர்கள்' என்று எழுதுகிறார்கள். அது அவர்களைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லும் பொய், மரியாதைக்குரிய பொய்தான். ஆனால் ராமேஸ்வரம் ஜெட்டியிலிருந்து கிளம்பும் விசைப்படகில் ஜி.பி.எஸ். இருக்கிறது. எல்லை எங்கே என்று ஓட்டுபவருக்கு என்னைவிட, உங்களைவிட நன்றாகத் தெரியும். பிரச்சினை அறியாமையாக இருந்திருந்தால் செயலி அதைத் தீர்த்திருக்கும்.

பாக் நீரிணை ஆழமில்லாத, குறுகலான கடல். அதில் அறுபதுகளில் விசைப்படகு வந்தது. இழுவை மடி வந்தது. இறாலுக்கு வெளிநாட்டில் விலை வந்தது. விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப் படகுக்கு நாலு நாள் என்று முறை வைத்துப் பிரிக்கும் அளவுக்கு நம் பக்கத்திலேயே மோதல். 1983க்குப் பிறகு போரால் வடஇலங்கை மீனவர்களைக் கடலுக்கு விடவில்லை. அந்தப் பக்கத்து மீன் நம்மவர்களுக்குக் கிடைத்தது. 2009இல் போர் முடிந்து யாழ்ப்பாணத்து, மன்னாரத்து மீனவர்கள் திரும்பி வந்தபோது அவர்களுடைய வலையை நம் இழுவை மடி அறுத்தது. அவர்களும் தமிழர்கள்தான், அவர்களுக்கும் கடன் இருக்கிறது. 2017இல் இலங்கை இழுவை மடியைச் சட்டம் போட்டே தடைசெய்தது. நம் பக்கம் டீசல் செலவு, கூலி, தவணை. மூன்று நாளில் சம்பாதித்தாக வேண்டும். இதையெல்லாம் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போகிறவரிடம் போன் 'எல்லை நெருங்குகிறது' என்று சொல்கிறது. அவர் என்ன செய்வார்? போனை அணைப்பார்.

விலை விஷயமும் கிட்டத்தட்ட இதே. வட கேரளத்தில் 1997 முதல் 2001 வரை கைபேசி வந்தபோது மத்தி மீன் விலையில் ஊருக்கு ஊர் இருந்த வித்தியாசம் குறைந்தது, விற்காமல் வீணாவது நின்றது என்று ராபர்ட் ஜென்சன் 2007இல் எழுதிய ஆய்வு உலகப் புகழ் பெற்றது. போன் இருந்தால் போதும், சந்தை தானே சரியாகிவிடும் என்று அதை மேற்கோள் காட்டாத மாநாடு கிடையாது. அங்கே படகுக்காரர் கடலிலிருந்தே போன் போட்டு எந்தக் கரையில் விலை அதிகமோ அங்கே போய் இறக்கினார். வியாபாரியிடம் முன்பணம் வாங்கி வலை வாங்கியவருக்கு அந்தச் சுதந்திரம் ஏது? தூத்துக்குடியில் என்ன விலை என்று திரை காட்டும். மீன் முன்பணம் கொடுத்தவரின் ஐஸ் பெட்டிக்குத்தான் போகும், அவர் சொல்லும் விலைக்கு. விலையை அறிவது வேறு, விலை பேசுவது வேறு.

இதனால் செயலியால் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. வானிலை விஷயத்தில் அது சாதித்திருக்கிறது. 2020 டிசம்பரில் புரெவி புயல் மன்னார் வளைகுடாவில், இந்தக் கரையை ஒட்டி வந்து நின்றது. கிட்டத்தட்ட 1964இன் அதே மாதம், அதே இடம். பல நாள் முன்னாலேயே எல்லார் போனிலும் செய்தி இருந்தது, கடலுக்குப் போக மீன்வளத் துறை டோக்கன் கொடுக்கவில்லை, ரயில் நிறுத்தப்பட்டது. ஒப்பிடவே வேண்டாம். புயலுக்குக் கடன் இல்லை, முன்பணம் இல்லை. தகவல் மட்டுமே தேவைப்படும் இடத்தில் தகவல் உயிரைக் காப்பாற்றுகிறது.

அங்கேயும் ஓட்டை இருக்கத்தான் செய்தது. 2017 ஒக்கியின்போது ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவே இல்லை. கன்னியாகுமரிக் கரை அதை மறக்காது. டவர் எட்டாத இடத்துக்கு 2019இல் 'ஜெமினி' என்ற கருவி வந்தது. செயற்கைக்கோளிலிருந்து செய்தியை வாங்கிப் பக்கத்திலிருக்கும் போனுக்குக் கொடுக்கும். (1964 புயலில் தப்பித்த ஜெமினி கணேசன், சாவித்திரி கதையைக் கேட்டு வளர்ந்த தீவுக்காரர்களுக்கு இந்தப் பெயர் சிரிப்பை வரவழைத்திருக்கும்.) ஜெமினி கேட்கும், பேசாது. படகிலிருந்து பதில் அனுப்ப முடியாது. விசைப்படகுகளில் இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டரைப் பொருத்திய பிறகுதான் கடலிலிருந்து கரைக்கு ஒரு வார்த்தை வரும் வழி பிறந்தது.

எனக்கு உறுத்துவது வேறொன்று. வீராம்பட்டினத்து ஸ்பீக்கர் ஊருக்குச் சொன்னது. செயலி போன் வைத்திருப்பவருக்குச் சொல்கிறது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் முன்னேற்றம்தான்: அவரவர் இடத்துக்கு, அவரவர் மொழியில். ஆனால் சின்னப்பாலத்தில், பாம்பனில், முகத்தில் கண்ணாடி மாட்டி முங்கிப் பாசி எடுக்கும் பெண்களைக் கணக்கில் எடுத்தால்? வேலை நேரத்தில் அவர்கள் தண்ணீருக்குள் இருப்பார்கள். இந்தச் செயலிகள் 'மீனவர்' என்று கற்பனை செய்வது பெரும்பாலும் படகு வைத்திருக்கும் ஆம்பளையைத்தான். ஸ்பீக்கருக்கு இந்தப் பாகுபாடு தெரியாது.

2016இல் பாம்பனில் 90.4 அலைவரிசையில் 'கடல் ஓசை' என்ற சமுதாய வானொலி தொடங்கியது. மீனவர்களுக்காக, மீனவ ஊரிலிருந்தே. வலையும் செயலியும் இவ்வளவு வளர்ந்தபிறகு எஃப்.எம். எதற்கு என்று ஒரு கம்ப்யூட்டர்காரர் கேட்கலாம். வானொலிக்குப் பேட்டரி குறைவாகப் போதும், பாஸ்வேர்டு வேண்டாம், அப்டேட் வேண்டாம். ஐதராபாத்தில் சூப்பர் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொல்லும் அலை உயரம், இங்கே வாடையும் கச்சானும் கொண்டலும் சோழகமும் தெரிந்த ஒரு குரல் வழியாகப் போகிறது. வாடை என்று சொன்னால் பாம்பனில் புரியும். 'வடக்கு வடகிழக்குத் திசையிலிருந்து மணிக்கு 45 கிலோமீட்டர்' என்று திரை காட்டினால் அதை மறுபடி வாடையாக மாற்ற வேண்டியது கேட்கிறவரின் வேலை. அந்த மாற்றும் வேலையைத்தான் 1998இல் வில்லியனூரில் செய்தார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். மீன் கூடும் இடத்தை இன்காய்ஸ் அந்த நாட்களில் இந்தக் கரைக்குச் சொல்லாது. பாம்பனில் எஃப்.எம். மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், கேட்பதற்கு அப்போதுதான் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள்.